நான் உயிர் என்ற நினைவோடு வாழ்தல்: ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனைக் காடாகிவிட்ட ஓர் இடத்தின் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் 11 ஆண்டுகளாகத் திருமுறை வகுப்பு நடத்திவருகிறேன். பிள்ளைகள் தேவாரம் ஓதப் பழகத்தான் வருகிறார்கள். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டி நெருங்கும்போது மண்டபம் நிறைந்துவிடும். ஆனால் அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் தூணோரம் நின்று என்னிடம் கேட்கும் கேள்விகள் வேறு. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொல்லிலேயே எழுதி, நான் சொன்ன விடைகளையும் சேர்த்திருக்கிறேன். விடைகள் சைவ சித்தாந்தத்தின் வழியில் அமைந்தவை. அதுவே நான் கற்றதும் நம்புவதும் ஆகும்.

"ஐயா, நான் உடம்பு இல்ல, உயிர்னு சொல்றீங்க. அப்போ கண்ணாடியில தெரியுறது யாரு?"

கண்ணாடியில் தெரிவது உங்கள் உடம்பு. "உங்கள் உடம்பு" என்று சொல்லும்போதே உடம்பு ஒன்று, அதை உடைய நீங்கள் ஒருவர் என்று ஆகிவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சைவ சித்தாந்தத்தின் முதல்நூலாகிய சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களுள் மூன்றாவதை உயிர் உண்டு என்று நிறுவுவதற்காகவே அமைத்தார். அங்கே அவர் அடுக்கும் காரணங்களுள் ஒன்று "எனதுடல் என்றலின்" என்பது. என் வீடு, என் மோட்டார் சைக்கிள், என் கை, என் முட்டிவலி என்று சொல்லிக்கொண்டே போகிறோமே, அப்படிச் சொல்லுகின்ற ஒருவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். அவரைத்தான் உயிர் என்கிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவதுண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது. அதே ஆண்டில் மக்களைப் பதிந்து, படமும் கைரேகையும் வைத்த அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து இன்றைய 12 இலக்க எண் வரைக்கும், "நீ யார்?" என்று அதிகாரி கேட்டால் நாம் நீட்டுவது அந்த அட்டையைத்தான். அது தேவையான பொருள்; இல்லாமல் பள்ளியும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. ஆனால் ஒருவர் இறந்ததும் அதைப் பதிவு இலாகாவிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உடம்பும் அப்படி இந்தப் பிறவிக்காகக் கொடுக்கப்பட்ட ஓர் அட்டைதான்.

"மூச்சுதானே உயிர்? மூச்சு நின்னா ஆளு முடிஞ்சுது."

மூச்சு நின்றால் உடம்போடு உள்ள தொடர்பு முடிகிறது என்பது சரி. ஆனால் மூச்சுதான் நீங்கள் என்றால், அயர்ந்து தூங்கும்போதும் நீங்கள் சுவையறிந்து உண்ணவும் வேலை செய்யவும் முடியவேண்டும். ஏனெனில் அப்போதும் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடியும் அது எதையும் அறிவதில்லை. மேலே சொன்ன அதே நூற்பாவில் "கண்படில் உண்டிவினை இன்மையின்" என்று இதையும் மெய்கண்டார் சொல்லிவிட்டார்.

"மனசும் ஆன்மாவும் ஒண்ணுதானே ஐயா?"

இல்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற நான்கும் உட்கருவிகள். ரப்பர் மரம் சீவுகிறவருக்கு உளி எப்படியோ, உயிருக்கு மனம் அப்படி. உளி மழுங்கினால் வேலை கெடும்; அதற்காக உளியே ஆள் ஆகிவிடாது. "என் மனசு சரியில்லை" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? சரியில்லாததைக் கவனித்துச் சொல்பவர் யார் என்று ஒருமுறை பொறுமையாக யோசித்துப் பார்த்தால் போதும். மனச்சோர்வு வந்தவர்கள் பலர் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். சோர்வு நீடித்தால் மருத்துவரிடமும் போகவேண்டும். உளியைத் தீட்டுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"கடவுள் உயிரை எப்போ படைச்சாரு?"

படைக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் பெரிதும் வியப்பது இந்த விடையைக் கேட்டுத்தான். "பதியினைப் போற்பசு பாசம் அனாதி" என்பது திருமூலர் வாக்கு. பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் கட்டு. மூன்றும் தொடக்கம் இல்லாதவை. இறைவன் கொடுப்பது உடம்பு, கருவிகள், உலகம், நுகர்வு ஆகியவற்றை. தனு, கரணம், புவனம், போகம் என்று அவற்றைச் சொல்வார்கள். உயிர் தன் இருளிலிருந்து வெளியே வருவதற்கான ஏற்பாடு அது. ஆகையால் உங்களுக்குப் பிறந்தநாள் என்பது உங்கள் உடம்பின் பிறந்தநாள். கேக் வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

"எப்பவும் இருக்கிற உயிரு, தான் யாருன்னு ஏன் மறந்துச்சு? மறக்க வச்சது யாரு?"

யாரும் மறக்க வைக்கவில்லை. செம்போடு களிம்பு எப்போது சேர்ந்தது என்று நாள் குறிக்க முடியாது. செம்பு என்று ஒன்று உண்டான அன்றே களிம்பும் கூடவே இருந்தது. நெல்லுக்கு உமி அப்படி. உயிருக்கு ஆணவம் அப்படி. ஆணவம் என்றதும் திமிர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சித்தாந்தத்தில் அது உயிரின் அறிவை மூடி, அதைச் சிறியதாக்கிக் காட்டும் இருள். "நான் பெரியவன்" என்று ஒருவரைப் பேசவைப்பதும் அதுதான், "நான் ஒன்றுக்கும் ஆகாதவன், வெறும் கூலிக்காரன்" என்று இன்னொருவரைத் தலைகுனிய வைப்பதும் அதுதான். இரண்டாவது வகையைத் தோட்டங்களில் நான் மிகுதியாகப் பார்த்தேன். அதைப் பணிவு என்று புகழ்ந்துவிடக் கூடாது.

மெய்கண்டாரின் எட்டாம் நூற்பாவில் ஓர் உவமை இருக்கிறது. அரசகுமாரன் ஒருவன் சிறுவயதிலேயே வேடர்களிடம் அகப்பட்டு, அவர்களிடையே வளர்ந்து, தன்னையும் வேடன் என்றே எண்ணிவிடுகிறான். அவனுக்குப் பசி வந்தால் வேட்டை. கோபம் வந்தால் அம்பு. அவன் அரச குலத்தை இழக்கவே இல்லை, இழந்ததாகவும் அவனுக்குத் தெரியாது. ஒருநாள் தந்தையாகிய மன்னனே வந்து, "நீ என் மகன்" என்று அறிவித்து அழைத்துப்போகிறான். வேடர்கள் நம் ஐம்புலன்கள். வந்து சொல்கிறவன் குருவடிவில் வரும் இறைவன்.

இந்த உவமையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒன்றை அழுத்திச் சொல்வேன். மன்னன் வந்தபின் பையனின் கை கால் ஒன்றும் மாறவில்லை, ஒரு சொட்டு இரத்தம்கூடப் புதிதாக ஊறவில்லை. மாறியது, தன்னைப் பற்றி அவன் அறிந்திருந்தது மட்டுமே. அவன் உடனே அரியணையில் ஏறி நேராக உட்கார்ந்திருப்பான் என்றும் நான் நினைக்கவில்லை. வேட்டைப் பழக்கம் பல நாள் இருந்திருக்கும். சத்தம் கேட்டால் வில்லைத் தேடியிருப்பான். நமக்கும் அப்படித்தான் இருக்கும், அதற்காகக் கலங்க வேண்டாம்.

"யூடியூப்ல ஒரு சாமி 'நானே கடவுள்'னு சொல்லச் சொல்றாரு. நீங்க அப்படிச் சொல்றதில்லையே?"

அது வேறொரு நெறியின் கூற்று. அந்த நெறியில் ஆழ்ந்து கற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். சைவ சித்தாந்தம் உயிரைக் கடவுள் என்று சொல்வதில்லை, கடவுளிடமிருந்து பிரித்துத் தனியே நிறுத்துவதும் இல்லை. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு; ஆனால் நள்ளிரவில் விளக்கில்லாத செம்பனைக் காட்டுக்குள் நின்றால் எவ்வளவு நல்ல கண்ணும் காணாது. ஒளி வந்து கண்ணோடு கலந்தபின்தான் காட்சி. அப்போதும் கண் சூரியன் ஆகிவிடுவதில்லை, சூரியனை விட்டுத் தனியே நின்று காண்பதும் இல்லை.

தமிழ்ப்பள்ளியில் புணர்ச்சி படித்த பிள்ளைகளுக்கு இன்னும் எளிது. தாள் என்ற சொல்லும் தலை என்ற சொல்லும் சேர்ந்தால் "தாடலை" ஆகும். ஒரே சொல்லாய் ஒலிக்கிறது. ஆனால் அதற்குள் இரண்டு சொற்கள் அழியாமல் இருக்கின்றன. இறைவன் தாளோடு உயிரின் தலை கூடுவதற்குப் பெரியோர் இந்தச் சொல்லையே உவமையாக வைத்தார்கள். தமிழில் பிறந்தவர்களுக்குக் கிடைத்த பேறு என்று இதை நான் கருதுகிறேன்.

"'நான் உயிர், நான் உயிர்'னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தா போதுமா?"

சொல்லலாம், ஆனால் சொல் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்காது. உயிருக்கு ஓர் இயல்பு உண்டு: எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். சிவப்புத் துணிமேல் வைத்த படிகம் சிவப்பாய்த் தெரிவதுபோல. இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் படுக்கிறவர், காலையில் நூறுமுறை "நான் உயிர்" என்று சொன்னாலும் அந்தச் சண்டையின் நிறத்தில்தான் இருப்பார். ஆகையால் முதல் பயிற்சி, எதோடு சேர்கிறோம் என்று கவனிப்பது.

இரண்டாவது, திருநீறு. காலையில் பூசும்போது அவசரமாக இழுத்துக்கொண்டு ஓடாமல் ஒரு கணம் நின்று, இந்த உடம்பு முடிவில் ஆகப்போவது இது, பூசிக்கொள்ளும் நான் இது ஆகப்போவதில்லை என்று நினைக்க வேண்டும். கூடவே ஐந்தெழுத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது, தூங்கப் போகுமுன் அன்றைய நாளை ஒருமுறை பார்ப்பது. "உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு" என்ற குறளைச் சொல்லிவிட்டு, இன்று எந்த இடத்தில் வேடனாக நடந்துகொண்டேன் என்று கேட்டுக்கொள்ளலாம். கண்டுபிடித்தால் போதும், உட்கார்ந்து அழ வேண்டியதில்லை.

"காலையில நல்லாத்தான் இருக்கு. ஃபேக்டரி ஷிப்டுக்குப் போய் சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்ததும் எல்லாம் பறந்துடுது."

பறக்கத்தான் செய்யும். இதற்கு என் அம்மா மரம் சீவிய விதத்தைச் சொல்கிறேன். விடியுமுன் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு போவார். பட்டையை மிக மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் அளவுக்குச் சாய்வாகச் சீவ வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. அதே மரத்துக்கு மறுநாள் ஓய்வு; அதற்கு மறுநாள் மறுபடி மெல்லிய ஒரு சீவல். இப்படிப் பொறுமையாகப் போனால் ஒரு மரம் இருபது, இருபத்தைந்து ஆண்டு பால் தரும்.

ஒரே நாளில் ஞானியாகிவிட நினைத்து ஆழமாக வெட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 40 நாள் மௌனம், குடும்பத்தோடு பேச்சில்லை, பிறகு முழுதாக விட்டுவிடுவார்கள். நீங்கள் ஒரு ஷிப்டில் ஒருமுறை, பதில் பேசுவதற்கு முன் ஒரு மூச்சு நேரம், "இவர் திட்டுவது இந்தச் சீருடையை, இவருக்குள்ளும் இருளோடு போராடும் ஓர் உயிர் இருக்கிறது" என்று நினைத்தால் அன்றைய சீவல் முடிந்தது. மேற்பார்வையாளர் சொன்னது அநியாயமாக இருந்தால் அதைக் கேட்க வேண்டிய முறையில் கேட்கவும் வேண்டும். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

"உடம்பு நான் இல்லன்னா, சர்க்கரைக்கு எதுக்கு மருந்து? விட்டுடலாமே?"

விடக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. ஏனென்றால் "எல்லாம் சிவன் பார்த்துக்கொள்வான்" என்று கிளினிக் அட்டையைத் தூக்கிப்போட்ட இருவரை நான் பின்னாளில் டயாலிசிஸ் மையத்தில் பார்த்தேன். "உடம்பார் அழியின் உயிரார் அழிவர்" என்று தொடங்கும் திருமந்திரம், "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்று முடிகிறது. உயிர் அழியாதது என்று முன்னே சொன்ன அதே திருமூலர் இப்படிச் சொல்வது முரண் அன்று. உடம்பு போனால், இருளிலிருந்து வெளியேற உயிருக்குக் கிடைத்த கருவி போகிறது. அதன் வளர்ச்சி அங்கே தடைப்படுகிறது. அந்தத் தடையைத்தான் அழிவு என்றார்.

நான்காம் விடையில் உடம்பை இறைவன் கொடுத்தது என்று எழுதினேன். கொடுத்தவரிடம் மதிப்பிருந்தால் கொடுத்த பொருளைக் காப்பாற்றுவோம். மாத்திரை போடுங்கள், தே தாரேக்கில் இனிப்பைக் குறையுங்கள், கால் புண்ணைக் கிளினிக்கில் காட்டுங்கள். இவையும் வழிபாடே.

"நான் அம்மா, பொண்டாட்டி, மருமகள். இது எதுவுமே நான் இல்லையா? அப்போ யாருக்காக இப்படி ஓடுறேன்?"

இந்தக் கேள்வியை ஒரு தாய் என்னிடம் கேட்டபோது அவர் கண்ணில் நீர் இருந்தது. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். அம்மா என்பது பொய் அன்று. அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட உறவு, அன்பு வெளிப்படும் வாயில். ஆனால் அதுவே முழு நீங்கள் என்று கொண்டால், மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போனதும், மருமகள் வந்ததும், நீங்கள் ஒன்றுமில்லாமல் போனதாகத் தோன்றும். பிள்ளைக்கு உடம்பு கொடுத்தது உங்கள் வழியாக நடந்தது. அந்தப் பிள்ளையின் உயிரும் உங்களைப் போலவே அனாதி. நீங்கள் அவனுக்கு உடைமையாளர் அல்லர், அவனும் உங்களுக்கு அல்லன். இப்படி நினைக்கும் தாய் குறைவாக அன்பு செலுத்துவதில்லை. பயத்தைக் கலக்காமல் செலுத்துகிறாள்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். உயிருக்கு ஆண் பெண் இல்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தை நின்றுகொண்டே சாப்பிடுவது உயிர்க்கடமை அன்று. உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

"உயிருக்குச் சாதி உண்டா?"

இல்லை. கப்பலில் வந்து இறங்கி, காலையில் பேர் கூப்பிடும் ஒரே பிரட்டில் நின்று, தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் சுவரைப் பகிர்ந்து வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கல்யாணப் பேச்சில் மட்டும் அதைத் தேடி எடுக்கிறார்கள். "சாத்திரம் பலபேசும் சழக்கர்காள் கோத்திரமும் குலமும் கொண்டு என்செய்வீர்" என்று அப்பரே கேட்டுவிட்டார். கோயிலில் அந்தப் பதிகத்தை ஓதிவிட்டு வீட்டில் குலம் விசாரிப்பவருக்கு நான் சொல்லக்கூடியது வேறு இல்லை.

"தீமிதி அன்னிக்கு அருள் வந்து ஆடுறப்போ நான் நானாவே இல்ல. அதுதான் உண்மையான நானா?"

தோட்டத்துக் கோயில்களில் வளர்ந்தவர்களுக்கே வரக்கூடிய கேள்வி இது. அதை இழிவாகப் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். உறுமியும் வேப்பிலையும் தாய்ப் பெயரும் சேர்ந்து ஓர் எளிய மனிதரை அந்த நேரத்துக்கு அச்சமற்றவராக்குவதை நான் கண்டிருக்கிறேன். நானே மூன்று ஆண்டு பால்குடம் எடுத்தேன்.

ஆனால் நாம் இந்தப் பக்கத்தில் பேசும் நினைவு அது அன்று. ஆடியபின் "என்ன நடந்தது என்றே தெரியவில்லை" என்று நீங்கள் சொல்கிறீர்கள். உயிர் தன்னை அறிவது, அறிவு கூடுவது. அறிவு மறைவது அன்று. விழிப்பில் இல்லாத ஒன்று, அது எவ்வளவு பெரிய அனுபவமாக இருந்தாலும், இரண்டாம் விடையில் சொன்ன தூக்கத்தின் பக்கம்தான் இருக்கிறது. அருள் வந்தவர்களிடம் நான் கேட்பது, திருவிழா முடிந்த மறுவாரம் எப்படி இருந்தீர்கள் என்பதை மட்டும். குடிப்பது குறைந்ததா, மனைவியிடம் கை ஓங்குவது நின்றதா? நின்றிருந்தால் அம்மன் வந்தாள் என்று நானும் நம்புகிறேன்.

"எல்லாம் வினைப்பயன்தானே? அப்போ தோட்டத்த வித்து எங்கள வெளியேத்துனதும் எங்க வினையா? சும்மா இருக்கணுமா?"

நாங்கள் இருந்த தோட்டமும் விற்கப்பட்டது. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தைக் காலி செய்ய நாள் குறித்தார்கள். மாற்று வீட்டைப் பற்றிய பேச்சு பேச்சாகவே பல ஆண்டு நின்றது. அப்போது ஒரு பெரிய மனிதர் எங்கள் கோயில் மண்டபத்திலேயே வந்து, "முன்வினை, பொறுத்துப் போங்கள்" என்று அறிவுரை சொன்னார். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இப்போது தெரியும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வினை மூன்று வகை. சேர்ந்து கிடப்பது பழவினை; அதில் இந்தப் பிறவிக்கென நுகர வந்தது ஊழ்; இப்போது நாம் செய்து புதிதாகச் சேர்ப்பது ஏறுவினை. நமக்கு வந்த இழப்பு நம் ஊழாக இருக்கலாம். ஆனால் அந்த இழப்பை உண்டாக்கியவரின் செயல் அவருடைய ஏறுவினை. "அவர்கள் வினை, நான் என்ன செய்ய" என்று அவர் கைகழுவ முடியாது. அநியாயத்தைக் கண்டு நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் நம்முடைய ஏறுவினை. ஆக, வினைக்கொள்கையைச் சரியாகப் படித்தவர் சும்மா இருக்க மாட்டார். மனு எழுதுவதும், தொழிற்சங்கத்துக்குப் போவதும், வழக்கறிஞரைப் பார்ப்பதும், அடுத்த வீட்டுப் பாட்டிக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் நாம் இனி சேர்க்கப்போகும் வினையைத் தீர்மானிக்கும் செயல்கள். பிறருடைய துன்பத்தைப் பார்த்து "உன் வினை" என்று சொல்ல எந்தச் சாத்திரமும் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை.

பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து அழைத்தபோது அப்பர் பாடியது, "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று. நான் யார் என்று தெரிந்த ஒருவர்தான் அப்படி நிமிர்ந்து பேச முடியும். உங்களை ஒரு வேலையாள் எண்ணாகப் பார்க்கிறவர் முன் அந்த வரியை மனத்தில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். குரலை உயர்த்தத் தேவையே இருக்காது. அதே வேளை, எதிரே இருப்பவரையும் உயிராகவே பார்க்க வேண்டியிருக்கிறது. அவரை வெறுத்தால் வேடர் கூட்டத்துக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எனக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது.

"என் மகன் மோட்டார் சைக்கிள் விபத்துல போயிட்டான். உயிர் அழியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ நான் அழக் கூடாதா?"

அழுங்கள், அம்மா. உயிர் அழியாது என்பது உண்மை. அதைச் சாவு வீட்டில் வாயடைக்கும் துணியாகப் பயன்படுத்துகிறவர்கள் அந்த உண்மைக்கே தீங்கு செய்கிறார்கள். திருவள்ளுவர் "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" என்றார். கூடு தனித்துக் கிடக்கப் பறவை பறந்துபோவது போன்றது என்று சொல்லும்போதும், உடம்புக்கும் உயிருக்கும் இருந்ததை அவர் நட்பு என்றுதான் அழைத்தார். நட்பு முறிந்தால் வலிக்கும். நீங்கள் சோறூட்டியது அந்தக் கூட்டுக்கு, தலை வாரியது அந்தக் கூட்டுக்கு. அது இல்லாத வலி ஞானத்தால் ஒரே நாளில் போகாது, போகவும் வேண்டாம்.

நாள் செல்லச் செல்ல, தயார் என்று தோன்றும் ஒரு காலையில், அவன் பெயர் சொல்லி ஒரு பதிகம் ஓதுங்கள். அவன் உங்களிடம் இருந்தது 22 ஆண்டு. அதற்கு முன்னும் இருந்தான், இப்போதும் இருக்கிறான். நீங்கள் ஓதுவது இல்லாத ஒருவனுக்கு அன்று. அதுவரை விளக்கேற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை, அக்கம்பக்கத்தவர் வந்து ஏற்றட்டும்.

"அடுத்த பிறவியில என்னவா பிறப்பேன்?"

தெரியாது, தெரிந்துகொள்ள முயல்வதும் வீண். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று மாணிக்கவாசகர் அடுக்கியது, இனி எங்கே போவோம் என்று கணிப்பதற்கு அன்று. "எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன்" என்று களைத்து நிற்பதற்கு. பணம் வாங்கிக்கொண்டு முற்பிறவி சொல்கிறவர்களிடம் போகாதீர்கள்.

"மலாய்க்காரங்க, சீனவங்க உயிரும் இதே மாதிரிதானா?"

ஆம். அவர்கள் அதை வேறு சொற்களில், வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்கும் அஞ்சல்காரருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது, அவரும் ஓர் உயிர் என்பது என் நினைவில் இருந்தால் போதும்.

"எனக்கு இந்த நினைவு நிலைச்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

நூல்கள் இருவினையொப்பு என்ற ஒன்றைச் சொல்கின்றன. நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் இரண்டையும் ஒரே மனநிலையில் ஏற்பது அது. அது வரும் அளவுக்கு மலம், அதாவது முன்னே சொன்ன ஆணவ இருள், பக்குவப்படும். பக்குவப்படும்போது அருள் பதியும். பக்குவத்துக்கு உழைப்பது நம் பக்கம், அருள் பதிவது இறைவன் பக்கம். ஆகவே "நிலைத்துவிட்டதா" என்று தினமும் அளந்து பார்ப்பது, நட்ட கன்றைத் தினமும் பிடுங்கி வேரைப் பார்ப்பதுபோல் ஆகும்.

அன்றாடத்தில் சிறு அறிகுறிகள் உண்டு. யாரோ உங்களைப் புகழாமல் விட்டது மாலைவரை உறுத்துவதில்லை. மன்னிப்புக் கேட்பது முன்பைவிடச் சீக்கிரம் முடிகிறது. தனியாக இருக்கும்போது கைப்பேசியைத் தேடும் கை சற்றுத் தாமதிக்கிறது. இவற்றை யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றாவிட்டால், அதுவும் ஓர் அறிகுறி.

"எங்க பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, நூற்பா எல்லாம் புரியாது. அவங்களுக்கு இத எப்படிச் சொல்லிக் கொடுக்குறது?"

அந்தப் பாட்டியை எனக்குத் தெரியும். இங்கேயே ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு துடைத்து, இங்கேயே ஏழு பிள்ளை பெற்று, இன்னும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார். இந்த நாட்டின் ஏடு அவரை யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் இரவில் பாயில் சாயும்போது அவர் "முருகா, வச்சதும் நீ, எடுக்கிறதும் நீ, நடுவுல நான் உன் பொருளப் பாத்துக்கிட்டேன்" என்று சொல்வதை நீங்களே என்னிடம் ஒருமுறை சொன்னீர்கள். முதலில் அவரிடம் போய், அப்படிச் சொல்ல யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, அடுத்த ஞாயிறு வகுப்புக்கு எடுத்துவாருங்கள்.